எழுத்தின் கீழே பிரதிபலிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரு தலைப்பு பளபளப்பான தரையில் நிற்பதுபோலத் தோன்ற வேண்டும் என்பதற்காக, படத் திருத்த மென்பொருளான போட்டோஷாப்பில் எழுத்து லேயரை (எழுத்து இருக்கும் தனி அடுக்கை) நகலெடுத்துத் தலைகீழாகத் திருப்பிக் கீழே வைத்தேன். பார்ப்பதற்குப் பிரதிபலிப்புப் போல இல்லை, ஒட்டவைத்ததுபோல இருக்கிறது. தலைப்பைத் திருத்தினாலும் கீழே உள்ளது பழையபடியே நிற்கிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: செய்த வேலையில் தவறில்லை, வரிசையில்தான் ஒரு படி விடுபட்டிருக்கிறது. நகலெடுப்பதற்கு முன்பே எழுத்து லேயரின் பெயர்மேல் வலது சொடுக்குப் போட்டு, அதை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக, அதாவது உள்ளடக்கத்தைத் தனிக் கோப்பாகத் தனக்குள் வைத்திருக்கும் லேயராக, மாற்றிவிடுங்கள். அதன்பின் கன்ட்ரோல் விசையுடன் ஜே விசையை அழுத்தி எடுக்கும் நகலும் மூலமும் ஒரே உள்ளடக்கத்தைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்றைத் திறந்து திருத்திச் சேமித்தால் மற்றதும் உடனே மாறிவிடும். புதிய தலைப்பு பழையதைவிட நீளமாகி ஓரத்தில் வெட்டுப்பட்டால், திறந்த அந்தக் கோப்பில் இமேஜ் பட்டியலில் உள்ள ரிவீல் ஆல் கட்டளையைக் கொடுத்துவிட்டுச் சேமியுங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. புடைப்புத் தோற்றம் தரும் பெவல் போட்ட எழுத்து லேயரை நேரடியாகத் திருப்பினால் எழுத்து மட்டுமே தலைகீழாகும். வெளிச்சம் அப்போதும் மேலிருந்தே விழும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும், ஏதோ பொய் என்று கண் சொல்லிவிடும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டுக்குள் போய்விட்ட பெவலும் நிழலும் எழுத்தோடு சேர்ந்தே திரும்பும்.

நகலை எடிட், டிரான்ஸ்ஃபார்ம், ஃப்ளிப் வெர்ட்டிகல் என்ற வழியில் திருப்பி, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி நேர்கீழே இழுங்கள். பிறகு அதற்கு, லேயரின் பகுதிகளை மறைக்க உதவும் ஒரு லேயர் மாஸ்க் சேர்த்து, மாஸ்க்கின் சிறுபடம் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, கருப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் கிரேடியன்ட்டைப் பிரதிபலிப்பின் அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்தால், கருப்பு விழுந்த இடம் மறைந்து வெள்ளை விழுந்த இடம் தெரியும். பிரதிபலிப்பு லேயரின் ஒப்பாசிட்டியை (எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற அளவை) 30 முதல் 40 சதவீதத்துக்குள் வைப்பது என் வழக்கம். பலர் 70 வரை விட்டுவிடுகிறார்கள். அப்போது எது எழுத்து, எது பிரதிபலிப்பு என்ற போட்டி வந்துவிடுகிறது.

தமிழில் எழுதும்போது வேறொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வைத்துக் காட்டும் பாடங்களில் இது வருவதில்லை. 'வானம்' என்ற சொல்லின் எழுத்துகள் எல்லாம் ஒரே கோட்டில் உட்கார்ந்திருப்பதால் பிரதிபலிப்பு அடியோடு அடி பொருந்தும். 'மழை' என்று எழுதிப் பாருங்கள்: ழகரத்தின் வால் கோட்டுக்குக் கீழே இறங்குவதால், வாலும் வாலும் தொட்டுக்கொள்ள, மகரம் மட்டும் அந்தரத்தில் நிற்கும். இடைவெளியை மூடுவதற்காகப் பிரதிபலிப்பை மேலே ஏற்றினால் வால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே திருப்பி ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். தட்டையான தரை எதுவும் அப்படிப் பிரதிபலிக்காது என்பதால் நான் அதைச் செய்வதில்லை. வால் குட்டையாக உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது இடைவெளியை இன்னும் சற்றுக் கூட்டி, சொல் முழுவதும் தரைக்கு மேலே மிதப்பதுபோல அமைத்துவிடலாம். இரண்டாவது வழி 'குழு' போன்ற சொல்லுக்கும் உதவும்.

கேள்வி: என்னிடம் இருப்பது இலவச மென்பொருளான ஜிம்ப். அதில் இதைச் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். லேயர் நகல், ஃப்ளிப் கருவி, லேயர் மாஸ்க், கிரேடியன்ட் எல்லாம் அதிலும் உண்டு. ஆனால் ஜிம்பின் 2ஆம் வரிசைப் பதிப்புகளில் எழுத்து லேயரைத் திருப்பியவுடன் அது சாதாரணப் படமாகிவிடும் என்பதால், முதலில் எழுத்துப்பிழை பார்த்துவிட்டுப் பிறகு திருப்புங்கள். தரைக்குப் பதிலாகத் தண்ணீர் வேண்டுமென்றால், திருப்பிய லேயருக்கு மட்டும், படத்தை அலையலையாக நெளியவைக்கும் ரிப்பிள் வடிகட்டியைக் குறைந்த அளவில் கொடுத்தால் போதும்.