மோட்டார் சைக்கிள் மீதான பிரியம் எங்கே தொடங்குகிறது, கொழும்பில் இருந்துகொண்டு அதை எப்படி வளர்ப்பது?

கேள்வி கேட்டவர் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்: சிலருக்கு மோட்டார் சைக்கிள் வேலைக்குப் போய்வர ஒரு வாகனம், சிலருக்கு அதுவே உயிர், இந்த வித்தியாசம் எப்படி வருகிறது?

பெரும்பாலும் காதில்தான் தொடங்கும். கேட்டைத் திறக்கும் முன்பே வந்திருப்பது அப்பாவின் வண்டியா, மாமாவின் வண்டியா என்று சத்தத்தை வைத்துப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அந்தக் காதுக்குக் கொழும்பு நல்ல பள்ளிக்கூடம். கிளச் பிடியே இல்லாத பழைய ஹொண்டா சி50, ஒற்றைச் சிலிண்டர் இந்திய வண்டிகள், இரட்டைச் சிலிண்டர் சிடி125 பென்லி, நாலு சிலிண்டர் ஹோர்னட் 250 என எல்லாமே காலி நகருக்குப் போகும் காலி வீதியில் ஒரே சிக்னலில் நிற்கும். ஹோர்னட் மட்டும் ஏன் அப்படிக் கீச்சிடுகிறது என்று கேட்கத் தொடங்கினால் விஷயம் பிடிபடுகிறது. அதன் 249 சிசி நாலாகப் பிரிந்து, ஒரு சிலிண்டருக்கு 62 சிசி அளவுதான் வருகிறது. பிஸ்டன் சிறியது, எடை குறைந்தது, ஏறி இறங்கும் தூரமும் குறைவு. அதனால் நிமிடத்துக்கு 16,000 சுற்று வரை போக முடிகிறது. சாதாரண 100 சிசி வண்டி 8,000ஐத் தாண்டவே சிரமப்படும்.

காதில் தொடங்கியது கைக்கு இறங்கினால்தான் நிலைக்கும். லீசிங்கில் பெரிய வண்டி எடுத்து, ஒவ்வொரு சின்ன வேலைக்கும் கராஜில் விட்டுவிட்டு வருபவரின் ஆர்வம் தவணை முடியும்போது தானும் முடிந்துவிடுவதை அடிக்கடி பார்க்கலாம். ஒரு பழைய 100 சிசி வண்டியின் செயினைத் தானே இறுக்கக் கற்றவர் அப்படி விட்டுவிட்டுப் போவதில்லை. ஆகவே எந்த வண்டி வாங்கலாம் என்பதை விட, கையில் இருக்கும் வண்டியில் முதலில் எதைத் தொடலாம் என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன்.

முதலில் செயின். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இஞ்ஜின் ஓடக்கூடாது, ஓடும் செயினில் விரல் போனவர்கள் இருக்கிறார்கள். சுற்றும்போது செயின் ஓரிடத்தில் இறுகும், இன்னோரிடத்தில் தளரும். இறுகும் இடத்தில் நிறுத்தி, கீழ்ப்பக்கச் செயினின் நடுவை மேலும் கீழும் அசைத்து அளவு பாருங்கள். பெரும்பாலான 100 முதல் 150 சிசி வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. வரை ஆட்டம் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கைநூலில் இருக்கும். அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் இருக்கும் கோடுகள் ஒரே எண்ணில் நிற்குமாறு சரிசெய்து மறுபடி இறுக்குங்கள். இங்கே பலர் மறப்பது ஒன்று உண்டு: பின்பிரேக் டிரம் வகையாக இருந்தால், சக்கரம் பின்னால் போகும்போது பிரேக் கம்பியும் இழுபடும். பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும், டிரம் சுடும், பெற்றோலும் வீணாகும். செயினைத் தொட்டால் பிரேக் பெடலின் ஆட்டத்தையும் பார்க்க வேண்டும்.

செயினைக் கம்பி மாதிரி இறுக்கி வைப்பது நல்லதல்ல. ஆள் ஏறி உட்கார்ந்ததும் பின்சக்கரம் மேலெழும்பி, இருக்கிற ஆட்டமும் போய்விடும். அப்புறம் கியர் பெட்டியின் வெளித்தண்டு பேரிங்தான் அடி வாங்கும். செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ரொக்கெட்டின் பற்கள் சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், செயினையும் இரண்டு ஸ்ப்ரொக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரமே நீண்டுவிடும். கழுவ மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். ஓ-ரிங் உள்ள செயினுக்குப் பெற்றோலும் கம்பி பிரஷும் கூடாது. ரப்பர் வளையம் கெட்டால் உள்ளே அடைத்த கிரீஸ் வெளியேறிவிடும்.

அடுத்தது ஒயில் மாற்றுவது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் மாடி வீடுகளில் இருப்பவர்களுக்கு இடம்தான் பிரச்சினை. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஓர் அட்டைப் பெட்டியை விரித்து, ஒரு பழைய பேசினை வைத்தால் வேலை முடிந்துவிடும். இஞ்ஜினை மூன்று நான்கு நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் ஒயில் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வடியும். வடிந்த ஒயிலில் மினுமினுப்பான மெல்லிய பசை இருந்தால் கவலையில்லை. விரலில் தட்டுப்படும் உலோகத் துகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தம். ஒயிலை வடிக்கக் கழற்றிய போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள், மிதமாக இறுக்குங்கள். போல்ட் இரும்பு, அது ஏறும் இடம் அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். கராஜ்களுக்கு வரும் ஒயில் ஒழுக்குகளில் பாதிக் கதை இதுதான்.

ஒயில் போத்தலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற ஜப்பான் தரக்குறி இருக்கிறதா பாருங்கள். கியர் வண்டிகளில் பெரும்பாலும் கிளச் தட்டுகள் அதே ஒயிலில்தான் நனைகின்றன. எரிபொருள் மிச்சம் பிடிக்கும் கார் ஒயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். அதை ஊற்றினால் கிளச் வழுக்கும். இஞ்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. கிளச் தனியாக உலர்ந்து நிற்கும் ஸ்கூட்டர்களுக்குத்தான் எம்பி வகை. 100 சிசி வண்டிக்கு ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாகவோ, ஒரு லீற்றரோ பிடிக்கும். போத்தல் முழுவதையும் கவிழ்க்காமல் அளவுக் கம்பியைப் பார்த்து ஊற்றுங்கள். பழைய ஒயிலை வெள்ளவத்தைக் கால்வாய்க்குப் போகும் கானில் ஊற்றுவது பெரும் பாவம். கேனில் அடைத்து ஒரு சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள்.

தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் நாள்தான் பலருக்குத் திருப்பம். அன்றுதான் இஞ்ஜின் பேசத் தொடங்குகிறது. இஞ்ஜின் நன்றாக ஆறிய பிறகு பிளக் சாவியால் கழற்றுங்கள். வெள்ளைப் பீங்கானின் முனை இளம் காப்பி நிறத்தில் இருந்தால் எரிதல் சரி. காய்ந்த கரி அப்பியிருந்தால் பெற்றோல் அதிகம், அல்லது எயார் பில்டர் அடைத்திருக்கிறது. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் பெற்றோல் குறைவு, இஞ்ஜின் கொதிக்கிறது. ஒயில் ஈரம் இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ போயிருக்கலாம். தீப்பொறி பாயும் முனைகளின் இடைவெளி பல சிறிய வண்டிகளுக்கு 0.6 முதல் 0.7 மி.மீ. திருப்பிப் போடும்போது முதல் சில சுற்றுகளைக் கட்டாயம் விரலாலேயே திருகுங்கள். சாவியால் தொடங்கி மரை மாறி ஏறினால் சிலிண்டர் ஹெட்டே செலவு வைக்கும்.

இதைப் படிக்கத் தெரிந்தவர் சைலன்சரை அவசரப்பட்டு மாற்றமாட்டார். புதிதாக ஆசை வந்தவர்கள் முதலில் கைவைப்பது அதில்தான். பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டர் உள்ள வண்டியில் திறந்த சைலன்சர் போட்டதும் புகை தடையின்றி வெளியேறும், காற்றும் கூடுதலாக உள்ளே வரும், ஆனால் பெற்றோல் வரும் சிறு துளையான ஜெட் பழைய அளவுப் பெற்றோலையே விடும். கலவை மெலிந்து, ஆக்சிலேட்டரை விட்டதும் படபடவென்று வெடிக்கும், பிளக் வெளுக்கும். ஜெட்டையும் சேர்த்து மாற்றாவிட்டால் பிஸ்டனுக்கே ஆபத்து. புகைப் பரிசோதனையில் தவறினால் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது என்பது தனிக்கதை. வண்டியை ஆறு மாதமாவது இருந்தபடியே ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் நல்ல டயரில் செலவழியுங்கள்.

கொழும்புக்கே உரிய எதிரி உப்புக் காற்று. மெரைன் டிரைவ் பக்கம் இரவு முழுக்க நிற்கும் வண்டியின் ஸ்போக்ஸ், சைலன்சரின் அடிப்பக்கம், ஸ்டாண்ட் ஸ்பிரிங், போல்ட் தலைகள் எல்லாம் மற்ற ஊர்களை விடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். கவர் போட்டால் தீரும் என்று நினைப்பது தவறு. ஈரத்தோடு மூடினால் உப்பும் ஈரமும் உள்ளேயே நிற்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த பின்பு மூடுங்கள். வயர் இணைப்புகளில் பச்சை படிந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து மெல்லிய கிரீஸ் பூசுங்கள். மழைக்காலத்தில் திடீரென்று லைட்டோ ஹோர்னோ சாவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தப் பச்சைதான், பெட்டரி அல்ல. பெட்டரியைச் சந்தேகித்தால் மீற்றர் வைத்துப் பாருங்கள்: ஓய்வில் 12.6 வோல்ட், இஞ்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருந்தால் அதன் மேல் பழி இல்லை.

தென்மேற்குப் பருவத்தில் வெள்ளம் நிற்கும் வீதிகளில் எயார் பில்டர் வாய் வரை தண்ணீர் வந்தால் இறங்கித் தள்ளுங்கள். தண்ணீருக்குள் நின்றுபோன வண்டியை உடனே ஸ்டார்ட் பண்ணக்கூடாது. தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நின்றால் பிஸ்டன் தண்டு வளையும். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மெதுவாக மிதித்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஒயில் பால் தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

பாகம் வாங்க மருதானைக்கு அருகே பஞ்சிகாவத்தை. பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோனால் பாதி வேலை முடிந்தது. பேரிங்கின் ஓரத்தில் செதுக்கிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே எண்ணில் நல்ல கம்பெனிப் பேரிங் கேட்டால் வண்டியின் பெயரைச் சொல்லவே தேவையில்லை. ஒரே பாகத்துக்கு மூன்று நான்கு தரத்தில் விலை சொல்வார்கள். பிரேக், செயின், பேரிங் மூன்றிலும் மலிவானதை எடுக்காதீர்கள். கண்ணாடி, கைப்பிடி ரப்பர் போன்றவற்றில் சிக்கனம் பார்க்கலாம். ஜப்பான் வண்டியின் நட்சத்திரத் தலை ஸ்குரூக்களுக்கு ஜப்பான் அளவுத் திருப்புளியே கேட்டு வாங்குங்கள். சாதாரணத் திருப்புளி முழுதாகப் பதியாமல் நழுவித் தலையைத் தின்றுவிடும்.

இந்த நகரத்தில் கைவேலைப் பற்று இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்குக் காலமும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் இருந்ததைக் காப்பாற்றுவதே வழியாக இருந்தது. 2022இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு ஆரம்பத்தில் வாரம் 4 லீற்றர். டயர் காற்றுக் குறைவு, உராயும் பிரேக், அடைத்த பில்டர் மூன்றும் பெற்றோலை எப்படிக் குடிக்கின்றன என்பதை அந்த 4 லீற்றர் பலருக்கும் படிப்பித்தது.

பாதைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 100 சிசிக்கு மேற்பட்ட வண்டி என்றால் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ1 வகுப்பு போதாது, ஏ வகுப்பு வேண்டும். அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை. பிரியத்துக்கு அதனால் நட்டம் எதுவும் இல்லை. ஞாயிறு விடியலில் அவிசாவளை வரை போய்வாருங்கள். பழகியதும் அங்கிருந்து ஏ7 வீதி வழியே கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன். ஏற எந்தக் கியர் தேவைப்பட்டதோ, இறங்கவும் அதே கியர்; பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூடாகிப் பிடி விட்டுவிடும். காபரேட்டர் வண்டியில் நுவரெலியா வரை போனால் இன்னொரு பாடமும் கிடைக்கும். 1,868 மீற்றர் உயரத்தில் காற்று ஐதானது. கீழே சரியாக இருந்த கலவை அங்கே பெற்றோல் அதிகமாகி, ஐட்லிங் தடுமாறும், பிளக் கறுக்கும். அது பழுதல்ல. அங்கே காபரேட்டரின் கலவை ஸ்குரூவைத் திருகினால் கொழும்புக்கு இறங்கியதும் கலவை மெலிந்துவிடும், ஆகவே தொடாமல் விடுங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் பழைய வண்டி ஒன்றை எடுத்துப் புதுப்பிக்கும் ஆசை வரவேண்டும். முன்பே வந்தால் அது பெரும்பாலும் சாக்கு மூடிய பாகங்களாகவே மூலையில் கிடக்கும். வாங்குமுன் சேசிஸ் எண்ணையும் இஞ்ஜின் எண்ணையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி அரம் பட்ட தடமோ புதுப் பெயின்ட்டோ இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் பல கை மாறி வந்ததையும் தவிருங்கள். புத்தகத்தில் இருக்கும் ஆளைத் தேடுவது இஞ்ஜின் வேலையை விடக் கடினம். இஞ்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் விற்பவர் எதையோ மறைக்கிறார்.

கிடைத்த பின் முதல் வேலை பெயின்ட் அல்ல, பிரேக். பிறகு டயர், வயரிங், அதன் பிறகே இஞ்ஜின். வால்வ் இடைவெளி பார்ப்பதை ஒரு விடிகாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இரவு முழுக்க ஆறிய இஞ்ஜினில்தான் அளவு சரியாக வரும். பல சிறிய ஹொண்டா இஞ்ஜின்களுக்கு அது 0.05 மி.மீ. இடைவெளியை அளக்கும் மெல்லிய பீலர் தகடு லேசான பிடிப்போடு இழுபட வேண்டும். பிடிப்பே இல்லாவிட்டால் டிக்டிக் சத்தம் வரும், தகடு நுழையவே மறுத்தால் வால்வ் முழுதாக மூடாமல் எரிந்துபோகும். அளவு சரியானதும் லொக் நட்டை இறுக்கிவிட்டு மறுபடி ஒருமுறை தகட்டை விட்டுப் பாருங்கள், ஏனென்றால் இறுக்கும்போதுதான் அது நகரும். திகதியையும் கிலோமீற்றரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.