வாசகர் கேள்வி: வாசல்ல துணி தொங்குது, உள்ள ஆள் இருக்கு

போன இதழ்ல ஜப்பான்ல இருக்கற கியோட்டோ பக்கத்துப் பழைய தெரு ஒண்ணோட மரக்கட்டை அச்சுப் படம் போட்டிருந்தோம். அதைப் பத்தி இத்தனை கேள்வி வரும்னு நான் நினைக்கவே இல்ல, அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே.

கேள்வி: அந்தப் படம் யார் பண்ணது? பழைய மர வீடு, வாசல்ல நீலத் துணி, ஓரமா சாத்தி வெச்ச ஒரு குடை, அவ்ளோதான் இருக்கு. தெருவுல ஒரு ஆள் கூட இல்லையே, ஊரே காலி பண்ணிட்டுப் போன மாதிரி மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. (வாசகி, ஈரோடு)

பதில்: நிஷிஜிமா கட்சுயுகி. 1945ல யமகுச்சி மாகாணத்துல பொறந்தவரு, 1964ல கியோட்டோவுக்கு வந்து மிகுமோன்னு ஒரு மரக்கட்டை அச்சுப் பட்டறைல சேர்ந்து தொழில் கத்துக்கிட்டாரு. அப்புறம் தனியா வந்து பழைய வீடு, சத்திரம், கடைத்தெரு, பனி விழுந்த கூரை இதையே திரும்பத் திரும்ப பண்ணிட்டு வந்திருக்காரு. அவரோட படங்கள்ல பெரும்பாலும் ஆளே இருக்காது, அதுதான் அவரோட அடையாளம்னே சொல்லலாம்.

ஆனா காலின்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் நான் உங்க கூட ஒத்துப்போகல. அந்த நீலத் துணிக்கு நோரென்னு பேரு, கடை வாசல்ல கட்டறது. கடையைத் திறந்தா வெளிய மாட்டுவாங்க, மூடும்போது கழட்டி உள்ள எடுத்து வெச்சுடுவாங்க. அப்போ நோரென் தொங்குதுன்னா என்ன அர்த்தம், உள்ள ஆள் இருக்கு, இப்பவும் நீங்க போகலாம்னு அர்த்தம். குடை சாத்தியிருக்குன்னா யாரோ மழைல வந்து இப்பதான் உள்ள நுழைஞ்சிருக்காங்க. அவரு மனுஷனை வரையல, மனுஷன் அஞ்சு நிமிஷம் முன்னாடி அங்க இருந்ததை வரையறாரு. படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க, சோகம் போயிடும்.

கேள்வி: ஒரே படத்துல 500 காப்பி போடறாராமே. அப்போ அது வெறும் பிரிண்ட்தானே, எப்படி ஒரிஜினல்னு விக்கறாங்க? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: நியாயமான கேள்வி, ரொம்ப பேருக்கு இருக்கற சந்தேகம். இதுல 'ஒரிஜினல்'னு தனியா ஒரு பெயிண்டிங் எங்கயும் இல்லைங்க. கட்டையும் தாளும் மோதற இடத்துலதான் படமே பொறக்குது, 500ல எதை எடுத்தாலும் அதுதான் ஒரிஜினல். ஓரத்துல பென்சில்ல 127/500ன்னு போட்டிருந்தா, 500ல இது 127வது தாள்னு கணக்கு.

வேலை எப்படி நடக்குதுன்னு சொல்றேன், அப்போ புரியும். ஒரு கலருக்கு ஒரு கட்டை செதுக்கணும். எது அச்சாகணுமோ அதை மேடா விட்டுட்டு மிச்சத்தை எல்லாம் உளியால எடுத்துடணும். தாள் கோஸோன்னு ஒரு செடியோட பட்டை நார்ல செஞ்சது, அதை லேசா ஈரப்படுத்தி வெச்சுக்குவாங்க. கட்டை மேல தண்ணில கரைச்ச கலரும் கொஞ்சம் அரிசிப் பசையும் விட்டு பிரஷ்ஷால தேய்ச்சு, தாளை மேல வெச்சு, மூங்கில் மட்டை சுத்துன பாரென்ங்கற தட்டையான வட்டத்தால பின்பக்கம் அழுத்தித் தேய்ப்பாங்க. பிரஸ்ஸு கிடையாது, மெஷின் கிடையாது, கை பலம் மட்டும்தான். பத்து கலர்னா 500 தாளுக்கு அஞ்சாயிரம் தடவை தேய்க்கணும், அதுல ஒவ்வொரு தடவையும் தாள் மயிரிழை கூட நகராம அதே இடத்துல உக்காரணும், அதுக்கு எல்லாக் கட்டைலயும் கென்டோன்னு ரெண்டு வெட்டு இருக்கும், மூலைல ஒண்ணு, ஓரத்துல ஒண்ணு, தாளோட விளிம்பை அதுல முட்டி வெப்பாங்க. நடுவுல தாள் காஞ்சா சுருங்கிடும், அப்புறம் கலர் கோட்டைத் தாண்டிடும், அந்தத் தாள் வீண்.

ஹிரோஷிகேன்னு பழைய பெரிய மரக்கட்டை அச்சுக் கலைஞர் ஒருத்தரு, அவரு காலத்துல, அதாவது 1830கள்ல, வரையறது ஒருத்தர், செதுக்கறது ஒருத்தர், அச்சடிக்கறது ஒருத்தர், பணம் போடற பதிப்பாளர் தனி. 1904ல யமமோட்டோ கனாயேன்னு ஒரு இளைஞர் ஒரு மீனவர் படத்தை தானே வரைஞ்சு தானே செதுக்கி தானே அச்சடிச்சாரு. அங்கேருந்து கிளம்பினதுதான் சோசாகு ஹங்காங்கற வழி, எல்லாமே ஒரே கை. நிஷிஜிமாவும் அந்த வழிதான்.

கேள்வி: வீட்டு முகப்பு முழுக்க ஜெயில் கம்பி மாதிரி மரச்சட்டமா இருக்கே, அது எதுக்கு? (வாசகர், கும்பகோணம்)

பதில்: ஜெயில்னு மட்டும் சொல்லாதீங்க, எனக்கு அந்த வீடுகள்ல ரொம்பப் பிடிச்சதே அதுதான்! இந்த வீட்டுக்கு மாச்சியான்னு பேரு, முன்னாடி கடை, பின்னாடி குடித்தனம். முகப்பு ஒடுக்கம், உள்ள போகப் போக நீளம், அதனால விலாங்கு மீனோட படுக்கைன்னு அந்த ஊர்லயே ஒரு பேச்சு உண்டு. முகப்புல இருக்கற சட்டத்துக்கு கோஷின்னு பேரு. பகல்ல உள்ளேருந்து பாத்தா தெரு நல்லாத் தெரியும், தெருவுல நடக்கறவனுக்கு உள்ள ஒண்ணும் தெரியாது, காத்து மட்டும் போயிட்டு வரும்.

அதுலயும் தொழிலுக்கு ஒரு தினுசு இருக்கு. நூல் கடை, பட்டுத்துணிக் கடைன்னா கலர் பாக்க வெளிச்சம் வேணும், அதனால நடுநடுவுல சில சட்டத்தோட மேல்பக்கத்தை வெட்டி விட்டுடுவாங்க. கரிக்கடைன்னா தூசி தெருவுக்குப் பறக்கக் கூடாது, இடைவெளி ரொம்ப ஒடுக்கமா இருக்கும். அரிசிக்கடை, சாகே மது விக்கற கடைக்கு நல்லா தடிமனான சட்டம், மூட்டையும் பீப்பாயும் இடிச்சாலும் தாங்கணுமே. போர்டைப் படிக்கத் தெரியலைன்னாக் கூட சட்டத்தைப் பாத்து என்ன கடைன்னு சொல்லிடலாம். சுவத்தோரம் வளைஞ்சு சாஞ்சு நிக்கற மூங்கில் தட்டியையும் கவனிங்க, அது இனுயாராய், மழைச் சேறும் நாயும் சுவத்தை அசிங்கம் பண்ணாம காக்கறது.

இப்போ செதுக்கறவர் பக்கம் வாங்க. அந்த சட்டம் ஒண்ணொண்ணும் கட்டைல மேடா நிக்கணும்னா அதுக்கு ரெண்டு பக்கமும் மரத்தை எடுக்கணும். ஒரு சன்னலுக்கு முப்பது சட்டம்னு வெச்சுக்கோங்க, அறுபது விளிம்பு, அறுபதும் நேரா வரணும், ஒரு இடத்துல உளி வழுக்கிச்சுன்னா அந்த சட்டம் போச்சு. தச்சன் மரத்தை இழைச்சு சட்டம் ஆக்கினாரு, இவரு மரத்தைச் செதுக்கி அதே சட்டத்தை மறுபடி ஆக்கறாரு. மர வீட்டைக் காட்ட மரத்தை விட நல்ல சாமான் கிடையாதுன்னு எனக்குத் தோணுறது இதனாலதான், போட்டோவுல இது வராது. ஈரோடு வாசகிக்கும் இதுல ஒரு பதில் இருக்கு. தெருவுல நின்னு பாத்தா சட்டத்துக்குப் பின்னாடி ஆள் தெரிய மாட்டாங்க, வீடே அப்படித்தான் கட்டியிருக்கு, ஆனா அவங்களுக்கு நாம தெரிவோம்.

கேள்வி: அந்த வீடெல்லாம் இப்ப இருக்கா? (வாசகி, மதுரை)

பதில்: இருக்கு, குறைஞ்சுக்கிட்டே வருது. 1864ல நடந்த சண்டைல கியோட்டோவுல பெரிய பகுதி எரிஞ்சு போச்சு, இப்ப நிக்கறது பலதும் அதுக்கு அப்புறம் கட்டினது. 1950ல வந்த கட்டடச் சட்டத்துக்கு அப்புறம் அந்தப் பழைய முறைல புதுசா கட்டறது கஷ்டமாயிடுச்சு, அதனால நகராட்சி கணக்குலயே 1950 வரைக்கும் கட்டினதைத்தான் மாச்சியான்னு எடுத்துக்கறாங்க. 2016 கணக்கெடுப்புல சுமார் 40,000 வீடு இருந்துச்சு. அதுக்கு முந்தின சில வருஷத்துல வருஷத்துக்கு சுமார் 800 இடிபட்டுச்சு, ஒரு நாளைக்கு ரெண்டு. உலக நினைவுச் சின்ன நிதியம் 2010லயும் 2012லயும் கியோட்டோ மாச்சியாக்களை ஆபத்துல இருக்கற பட்டியல்ல சேர்த்துச்சு. வாரிசுங்களுக்கு பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகல, இடத்தோட விலையோ ஏறிப்போச்சு. சிலதை ஹோட்டலா, காப்பிக் கடையா மாத்திக் காப்பாத்தறாங்க, அது தப்புன்னு சொல்ல மாட்டேன், இடிக்கறதுக்கு அது எவ்வளவோ தேவலாம்.

கேள்வி: இதே மாதிரி வேற யாரு படம் பாக்கலாம்? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: முதல்ல சைட்டோ கியோஷி, 1907 முதல் 1997 வரை வாழ்ந்தவரு. 1951ல பிரேசில்ல சாவோ பாலோ கண்காட்சில பரிசு வாங்கினவரு, அய்ஸு ஊர்ப் பனிக்கூரைகளைப் பாருங்க. கட்டையோட மர ரேகையையே கலரா அச்சடிப்பாரு. அடுத்து கிளிஃப்டன் கார்ஹு, அமெரிக்கர், 1952ல மிஷனரியா ஜப்பான் வந்து அங்கயே தங்கிட்டாரு, கியோட்டோ வீடுகளைத் தடிமனான கருப்புக் கோட்டுல பண்ணுவாரு, 2007ல இறந்தாரு. இவங்களுக்கு அப்புறம் நிஷிஜிமாகிட்ட வாங்க, அவரோட கோடு எவ்வளவு அடக்கமா இருக்குன்னு அப்பதான் தெரியும்.

கேள்வி: ஒரு சின்ன படம் வாங்கியிருக்கேன், லேமினேஷன் பண்ணி ஹால்ல மாட்டலாமா? (வாசகர், சென்னை)

பதில்: வேண்டாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். என்கிட்ட இருந்த ஒண்ணை ஒரு ஃப்ரேம் கடைல குடுத்தேன், சொல்லாம கொள்ளாம பின்பக்கம் முழுக்க கம் தடவி அட்டைல ஒட்டிட்டாங்க. ஆறு மாசத்துல அலை அலையா சுருங்கிடுச்சு, பிரிக்கவும் முடியல, இப்பவும் அதைப் பாத்தா வயிறு எரியுது. தாள் மூச்சு விடணும். அமிலம் இல்லாத அட்டைல மேல் விளிம்புல மட்டும் பிடிப்பு குடுத்துத் தொங்க விடச் சொல்லுங்க, கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, வெயில் படற சுவர் ஆகவே ஆகாது.

மாட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுத்தமான கையால தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. பாரென் தேய்ச்ச வட்டத் தடம் லேசா தெரியும், சில இடத்துல கலர் நாருக்குள்ள இறங்கி பின்பக்கம் வரைக்கும் வந்திருக்கும். பனி இருக்கற இடத்துல மட்டும் ஒண்ணுமே இருக்காது, அது வெறும் தாள்.