கணவரின் ஆன்லைன் பாலியல் பழக்கத்துக்கும் இணையத் துரோகத்துக்கும் தெரபிஸ்ட் என்ன சிகிச்சை தருவார்?

கணவர் நள்ளிரவு தாண்டியும் ஆபாசப் படம், பாலியல் சாட் என்று கிடக்கிறார். ஒரு பெண்ணோடு மாதக்கணக்கில் அந்தரங்கமாகப் பேசி வந்ததையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். கேட்டால், "இது ஒரு நோய், என் கட்டுப்பாட்டில் இல்லை" என்கிறார். தெரபிஸ்ட்டிடம் போனால் என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் என் கணவரும் இதே காரணத்துக்காக சிகிச்சைக்குப் போனவர்கள். அங்கே பார்த்ததையும் பிறகு தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பிரச்சினைகள். அவரால் நிறுத்த முடியாத பழக்கம் ஒன்று, உங்களுக்கு அவர் செய்த துரோகம் இன்னொன்று. இரண்டும் ஒரே போனில் நடந்திருக்கலாம், ஆனால் வைத்தியம் வேறு வேறு. பழக்கத்தை மட்டும் கவனித்தால் அவர் தேறிவிடுவார், நீங்கள் காயத்தோடு அப்படியே இருப்பீர்கள்.

முதலில் அந்த "நோய்". 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலில் கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. அதை அடிமைப் பழக்கங்களோடு சேர்க்காமல், உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 6 மாதமோ அதற்கு மேலோ நீடித்திருக்க வேண்டும். உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாமல் தொடர்ந்து தோற்றிருக்க வேண்டும். நிறுத்தப் பார்த்துப் பலமுறை தோற்பது, வேலை, உடம்பு, குடும்பம் கெட்டும் தொடர்வது, அதில் இன்பமே இல்லாமல் போன பிறகும் தொடர்வது போன்றவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். "தப்பு செய்கிறோமே" என்ற குற்றவுணர்ச்சி மட்டும் இருந்தால் அது நோய் ஆகாது என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற மனநோய்க் கையேடு இப்படி ஒரு நோயையே சேர்த்துக்கொள்ளவில்லை. ஆக நிபுணர்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து கிடையாது. உங்கள் கணவர் தனக்குத்தானே நோய்ப் பெயர் சூட்டிக்கொள்ள முடியாது. அப்படியே நோய் என்று உறுதியானாலும், அந்தப் பெண்ணிடம் பேசியதை உங்களிடம் மறைத்ததற்கு அது பதில் ஆகாது.

அதனால்தான் ஆரம்ப அமர்வுகள் பெரும்பாலும் விசாரிப்பிலேயே போகும். மனச்சோர்வு இருக்கிறதா, குடிப்பழக்கம் உண்டா, பைபோலார் போன்ற வேறு நோய் உள்ளே இருக்கிறதா, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்றெல்லாம் கேட்பார்கள். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள்கூடப் பாலியல் உந்துதலைத் தாறுமாறாக ஏற்றிவிடும்.

பழக்கத்துக்கான சிகிச்சையில் அதிகம் பயன்படுவது சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. போனைக் கையில் எடுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் பார்ப்பார்கள். என் கணவருக்கு அது காமத்தில் தொடங்கியதே இல்லை. வேலையில் ஒரு அவமானம், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விழுங்கியது, எல்லோரும் தூங்கிய பிறகு வரும் தனிமை, அப்புறம் போன். ஆல் கூப்பர் என்ற உளவியலாளர் இணையம் இந்த விஷயத்தில் ஆளை இழுப்பதற்கு மூன்று காரணங்களை 1998-லேயே சொன்னார்: எப்போதும் கிடைக்கிறது, செலவு குறைவு, நம்மை யாருக்கும் தெரியாது. ஸ்மார்ட்போன் வந்த பிறகு இந்த மூன்றும் படுக்கைக்கே வந்துவிட்டன. எனவே இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே, தடுக்கும் ஆப் ஒன்று, சில கணக்குகளை அழிப்பது என்று சூழலை மாற்றுவார்கள். இதெல்லாம் கொஞ்ச நேரம் வாங்கித் தருவதோடு சரி. அந்த நேரத்தில் உந்துதலை எதிர்த்து மல்லுக்கட்டாமல், அது ஏறி உச்சம் தொட்டு இறங்கும்வரை கவனித்துக்கொண்டிருக்கப் பழக்குவதுதான் உண்மையான வேலை. ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் போதைப் பழக்கங்களுக்காக உருவாக்கிய முறை இது. ஒருமுறை சறுக்கினால் "எல்லாம் போச்சு" என்று முழுக்க விழுந்துவிடாமல் எழுந்துகொள்வதற்கும் அவர் சொன்ன வழிகளைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

மருந்து என்றால், சிலருக்கு மனச்சோர்வு மருந்துகளோ, குடிப்பழக்கத்துக்குக் கொடுக்கும் நால்ட்ரெக்சோன் என்ற மருந்தோ மனநல மருத்துவர் எழுதித் தருவதுண்டு. அது மருத்துவரின் முடிவு.

துரோகத்துக்கு வருகிறேன். "பேசினோம், அவ்வளவுதான், தொடக்கூட இல்லை" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார். தெரபிஸ்ட்டுகள் தொட்டதை வைத்து மட்டும் அளப்பதில்லை. என்ன மறைக்கப்பட்டது, உங்களுக்குரிய நெருக்கம் யாரிடம் போனது என்று பார்ப்பார்கள். உங்களுக்குத் தூக்கம் வராதது, அந்தச் சாட் வரிகள் வேலைக்கு நடுவில் கண்முன் வந்து நிற்பது, அவர் போன் சிணுங்கினாலே நெஞ்சு படபடப்பது, இவையெல்லாம் பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் காணப்படும் அறிகுறிகளைப் போன்றவை. நீங்கள் சந்தேகப் பேர்வழி ஆகிவிடவில்லை.

டொனால்ட் பாக்கம், டக்ளஸ் ஸ்னைடர், கிறிஸ்டினா கோர்டன் ஆகிய உளவியலாளர்கள் வகுத்த தம்பதி சிகிச்சை மூன்று கட்டமாகப் போகும். முதலில் அதிர்ச்சியைத் தாங்கிப் பிடிப்பது, பிறகு இது ஏன் நடந்தது என்று புரிந்துகொள்வது, கடைசியில் சேர்ந்திருப்பதா பிரிவதா என்று தீர்மானித்து முன்னே போவது. பிரிவதும் அதில் ஒரு நியாயமான முடிவுதான். முதல் கட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே "மன்னித்துவிடுங்கள்" என்று சொல்லும் ஆலோசகரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையைச் சொல்வதற்கும் முறை இருக்கிறது. இன்று கொஞ்சம், மாட்டிக்கொண்டால் நாளை கொஞ்சம் என்று வந்தால் ஒவ்வொரு தடவையும் புதிதாக இடி விழுகிறது. அதனால் அவரைத் தயார்படுத்தி, ஒரே அமர்வில் முழுவதையும் சொல்ல வைப்பார்கள். யார், எவ்வளவு காலம், நேரில் சந்தித்தார்களா, பணம் போனதா என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். சந்தித்திருந்தால் இருவரும் பால்வினை நோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பாலியல் வர்ணனைகளைக் கேட்க வேண்டாம் என்று எங்களிடம் சொன்னார்கள். கேட்டது படமாகத் தங்கிவிடும். அந்தப் பெண்ணோடு தொடர்பை அறுக்கும் செய்தியை உங்களுக்குத் தெரிந்தே அவர் அனுப்ப வேண்டும்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது போன் சோதனையைப் பற்றி. பாஸ்வேர்டை அவர் தானாகவே தர வேண்டும், இன்று எங்கே தடுமாறினேன் என்று அவரே வந்து சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் நீங்கள் எடுத்துப் பார்ப்பது இயல்பு, எங்கள் தெரபிஸ்ட் அதற்காக என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் காவல் காப்பதையே உங்கள் வேலையாக்கும் சிகிச்சை உங்களை உருக்குலைத்துவிடும். நிறுத்துவது அவர் பொறுப்பு. நீங்கள் அழகாக இல்லாததாலோ படுக்கையில் குறை வைத்ததாலோ இது நடந்தது என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் தம்பதி அமர்வு வேண்டாம், முதலில் உங்கள் பாதுகாப்பு. குழந்தைகள் சம்பந்தப்பட்ட பாலியல் காட்சி எதையாவது அவர் போனில் பார்த்திருந்தால் அது குற்றம், சட்டப்படிதான் அணுக வேண்டும்.

தெரபிஸ்ட்டிடம் சேரும் முன் ஒன்று கேளுங்கள்: என் கணவர் தனியாகச் சொல்லும் ரகசியத்தை என்னிடமிருந்து மறைப்பீர்களா? இதற்கு நேரடியான பதில் வராவிட்டால் வேறு ஒருவரைப் பாருங்கள். கணவர் வர மறுத்தால் அவருக்காகக் காத்திருக்காமல் உங்களுக்கென்று தனியாக ஒரு அமர்வு பதிவு செய்துகொள்ளுங்கள்.