மொரிஸ் மைனர் 1000: எஞ்சினை மாற்றுவதற்கு முன் எதையெல்லாம் அளந்து பார்க்க வேண்டும்?

வாசகர் கேள்வி: அப்பா விட்டுச் சென்ற 1961ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 கார் இப்போது என்னிடம் இருக்கிறது. காலையில் உடனே ஸ்ரார்ட் ஆகிறது. ஆனால் சந்தியில் நின்றுவிட்டுப் புறப்படும்போது நீலப் புகை வருகிறது. நிறுத்திய இடத்தில் ஒயில் சொட்டுகிறது. மதிய வெயிலில் ஓடினால் சூடேறி நின்று, அரை மணி நேரம் ஆறிய பிறகே மீண்டும் இயங்குகிறது. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி. ‘போர்’ அடிக்க வேண்டும் (சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்க வேண்டும்), இல்லாவிட்டால் ஜப்பான் எஞ்சின் ஒன்றைப் பூட்டிவிடலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்? (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இரண்டுக்கும் இப்போது சம்மதிக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் பெரும்பாலும் மூன்று வேறு காரணங்களால் வருபவை. சிலிண்டர் தேய்ந்துவிட்டது என்பதற்கு அவற்றில் எதுவும் தனியாகச் சான்று ஆகாது. நூறு ரூபாய்ப் பொருளால் தீரக்கூடிய குறைக்காக நல்ல எஞ்சினைக் கழற்றி எறிவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை.

உங்கள் காரில் இருக்க வேண்டியது 948 சிசி கொள்ளளவுள்ள ‘ஏ சீரிஸ்’ எஞ்சின். 1951இல் ஒஸ்ரின் ஏ30 காருக்காக 803 சிசியில் வந்த இந்த எஞ்சின், 1956இல் 948 சிசியாகப் பெருப்பிக்கப்பட்டு மைனர் 1000இல் பூட்டப்பட்டது. 1962இன் பிற்பகுதியில் அதன் இடத்தை 1098 சிசி எஞ்சின் எடுத்துக்கொண்டது. நான்கு சிலிண்டர்கள், சிலிண்டரின் குறுக்களவு 62.9 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 76.2 மில்லிமீற்றர், அழுத்த விகிதம் 8.3, வலு 37 குதிரைவலு. பற்றவைப்பு வரிசை 1, 3, 4, 2. அறுபது ஆண்டுகளில் எஞ்சின் மாற்றப்பட்டிருக்கவும் கூடும் என்பதால், பிளொக்கில் (எஞ்சினின் வார்ப்பு உடலில்) தைனமோவுக்கு மேலே அறையப்பட்டிருக்கும் தகட்டை முதலில் துடைத்துப் பாருங்கள். எண் 9 என்று தொடங்கினால் 948, 10 என்று தொடங்கினால் 1098. இது தெரியாமல் பிஸ்டனோ காஸ்கெட்டோ வாங்கக் கூடாது.

புகையை எடுத்துக்கொள்வோம். அது எப்போது வருகிறது என்பதே முக்கியம். மேட்டில் ஏறும்போதும் முழு வேகத்திலும் விடாமல் வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான ரிங் தேய்ந்திருக்கிறது எனச் சந்தேகிக்கலாம். சந்தியில் நின்றுவிட்டுப் புறப்படும்போது மட்டும் ஒரு குப்பென்று வந்து பிறகு தெளிந்துவிட்டால், ஒயில் மேலிருந்து, அதாவது வால்வுத் தண்டின் வழியாக இறங்குகிறது. இந்த எஞ்சினில் ஒவ்வொரு வால்வுத் தண்டின் மேல்முனையிலும் ஒரு சிறு ரப்பர் வளையம் உண்டு. காலப்போக்கில் அது கல்லாக இறுகி, விரலால் அழுத்தினால் பிஸ்கட்டைப் போல உடைந்துவிடும். அந்த வளையங்களை மாற்ற எஞ்சினை இறக்கத் தேவையில்லை; வால்வுத் தண்டு ஓடும் குழலான வால்வு கைடு தேய்ந்திருந்தால் மட்டுமே, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

ஆனாலும் ஊகத்தில் நிற்காமல் அழுத்தத்தை அளந்துவிடுங்கள். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, அக்சிலரேற்றரை முழுதாக மிதித்தபடி ஸ்ரார்ட்டரைச் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் ‘போர்’ பற்றிய பேச்சை அத்தோடு விட்டுவிடலாம். ஏதாவது ஒன்று குறைந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும்: அளவு ஏறினால் குறை ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கு இடையிலான ஹெட் காஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) எரிந்திருக்கலாம். இந்த ஹெட்டில் அந்த இரு சிலிண்டர்களின் புகையும் ஒரே துவாரத்தால் வெளியேறுவதால், அந்த இடம் எப்போதும் மற்ற இடங்களைவிட அதிகமாகச் சூடேறும். வால்வு எரிவதும் ஹெட் வெடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

மண்ணெண்ணெய் குறித்த உங்கள் கவலை நியாயமானது. உள்நாட்டு யுத்தத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய கார்கள் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் செய்யப்பட்டு மண்ணெண்ணெயில்தான் ஓடின. இந்த எஞ்சின்கள் அதையும் தாங்கின. எரியாமல் எஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்பில் உள்ள ஒயிலையும் நீர்க்கச் செய்யும். ஆகவே ரிங்கும், சுழல்தண்டைத் தாங்கும் பெயரிங்கும் ஓரளவு தேய்ந்திருக்கலாம், பிஸ்டன் தலையில் கரியும் படிந்திருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில் யாரும் எஞ்சினைத் திறக்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? அழுத்த அளவு இதற்கும் பதில் சொல்லிவிடும்.

ஒயில் சொட்டுவதைப் பொறுத்தவரை, கிராங்க் எனப்படும் சுழல்தண்டின் பின்முனையில் இந்த எஞ்சினுக்கு ரப்பர் சீல் கிடையவே கிடையாது. அங்கே வெட்டப்பட்டிருக்கும் திருகுப் புரி, கிராங்க் சுழலும்போது ஒயிலை உள்நோக்கித் தள்ளுகிறது. நின்றதும் ஓரிரு துளிகள் கிளச் கூட்டின் அடியிலுள்ள துவாரத்தால் விழத்தான் செய்யும். அதைக் குறையாகக் கருத வேண்டாம். துளிகள் குளமாகத் தேங்கினால், கியர்பொக்ஸைக் கழற்றுவதற்கு முன் எஞ்சினின் மூச்சுக் குழாயைப் பாருங்கள். பிளொக்கின் பக்கவாட்டு மூடியிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் அந்தக் குழாய் சேற்றாலும் கரியாலும் அடைபட்டால், உள்ளே சேரும் அழுத்தம் ஒயிலைப் பின்பக்கமாகத் தள்ளிவிடும். குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுவது அரை மணி நேர வேலை. ஒயில் அளக்கும் டிப்ஸ்ரிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஒயில் விடும் பழக்கமும் இதே விளைவைத் தரும். பில்ற்றரோடு சேர்த்து ஏறக்குறைய 3.7 லீற்றர் போதும்; 20டபிள்யூ-50 தரமுள்ள கனிம ஒயிலே இதற்கு ஏற்றது. இன்றைய கார்களுக்கான மெல்லிய ஒயில் வேண்டாம்.

சூடேறுவதற்கும் சூட்டில் நிற்பதற்கும் கொஞ்சம் பொறுமையாகக் காரணம் தேட வேண்டும். குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. பல பத்தாண்டுகளாக அதையே ரேடியேற்றரில் ஊற்றி வந்திருந்தால் உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கும். அதனோடு துருவும் சேர்ந்து பிளொக்கின் பின்புறம், நான்காவது சிலிண்டரைச் சுற்றி அடியில் தேங்கும். பிளொக்கின் பின்புறத்தில் ஒரு வடிகால் குழாய் இருக்கிறது. ஆறிய எஞ்சினில் அதைத் திறந்து பாருங்கள். ஒரு சொட்டும் வராவிட்டால் குறை எங்கே என்பது தெரிந்துவிட்டது: கம்பியால் குத்தி அடைப்பை எடுத்து, ரேடியேற்றரைத் தனியே கழற்றித் தலைகீழாக நீர் பாய்ச்சிக் கழுவி, பிறகு காய்ச்சி வடித்த நீரோடு கூலன்ற் கலந்து நிரப்புங்கள். நமது வெப்பத்துக்குத் தேவையில்லை என்று, நீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்திருந்தால் புதிது ஒன்றைப் பூட்டுங்கள். ஹெட்டுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் இடையே இருக்கும் சிறிய பைபாஸ் குழாயையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. அது வெடித்தால் நடுவழியில்தான் வெடிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் வண்டி நின்றால், நின்ற அந்த நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு பிளொக்கில் படுக்க வைத்து, ஸ்ரார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். பொறி மெலிந்து மஞ்சளாக இருந்தாலோ, வரவே இல்லை என்றாலோ, கொயிலும் டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் கொன்டன்சரும் சந்தேகத்துக்குரியவை. இப்போது கடைகளில் கிடைக்கும் கொன்டன்சர், ரோட்டர் சிலவற்றின் தரம் பழையவற்றுக்கு ஈடாகாது. பழையது வேலை செய்தால் புதிது என்பதற்காக மாற்றாதீர்கள். டிஸ்ரிபியூற்றருக்குள் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பொயின்றின் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம். பொறி நீலமாகத் தெறித்தால் குறை பெற்றோல் பக்கம். கார்பரேற்றர் சூடான புகைக் குழாய்க்கு நேர் மேலே அமைந்திருப்பதால், இடையில் இருக்க வேண்டிய வெப்பத் தகடு காணாமல் போயிருந்தால் பெற்றோல் ஆவியாகி நின்றுவிடும். மின் பம்பின் சத்தத்தையும் கேளுங்கள். சாவியைத் திருப்பியதும் சில தடவை ‘டக் டக்’ என்று அடித்து ஓய வேண்டும். ஓயாமல் அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அடிக்கவே இல்லை என்றால் பம்புக்குள் இருக்கும் பொயின்ற் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்காதது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. எரியும் ஈயத்தின் படிவுதான் மென்மையான இரும்பில் வெட்டப்பட்ட, வால்வுகள் மூடும்போது வந்து அமரும் இருக்கைகளைக் காத்து வந்தது. அது இல்லாமல் வேகமாகவும் நெடுந்தூரமும் ஓட்டினால் புகைவால்வு மெல்ல மெல்ல இருக்கைக்குள் புதையும். வால்வு இடைவெளி (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் நெம்புகோலுக்கும் இடையே உள்ளது) குறைந்துகொண்டே போவது அதன் அடையாளம். குளிர்ந்த எஞ்சினில் இடைவெளி 0.012 அங்குலம் இருக்க வேண்டும். சரிசெய்வதற்கு எளிய வழி ஒன்பதாம் கணக்கு (இரு வால்வு எண்களும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும்): எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதை அளப்பது, ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை அளப்பது, இப்படியே. அளவுகளை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். இடைவெளி நிலையாக இருந்தால், இருக்கைகளுக்காக மட்டும் ஹெட்டைத் திறக்க வேண்டாம். பெற்றோல் 92 ஒக்டேன் போதும். பாரம் இழுக்கும்போது எஞ்சின் தட்டினால் பற்றவைப்பு நேரத்தை (ரைமிங்கை) சற்றுப் பின்தள்ளுங்கள், அல்லது 95க்கு மாறுங்கள்.

அழுத்தம் உண்மையிலேயே குறைந்து, ஒயில் விட்ட பிறகு ஏறினால் அப்போது ‘போர்’ அடிக்கலாம். இந்த எஞ்சினுக்கு 0.040 அங்குலம் வரை பெருத்த பிஸ்டன்கள் உண்டு. முன்பு ஏற்கெனவே அடித்திருக்கிறார்களா என்று பழைய பிஸ்டனின் தலையில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். லேத்காரர் நான்கு சிலிண்டர்களையும் கிராங்கையும் மைக்ரோமீற்றரால் அளந்து எழுதித் தரும்வரை பிஸ்டனுக்கோ பெயரிங்குக்கோ பணம் கொடுக்க வேண்டாம். ஹெட் எப்படியும் கழன்று வரும் அந்த வேளையில், புகைவால்வுகளுக்குக் கடினப்படுத்திய இருக்கைகளையும் பதித்துவிடச் சொல்லுங்கள்.