நீங்கள் வந்ததும் நின்றுபோகிற பாட்டு

கேள்வி: எனக்கு 68 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கர்நாடக சங்கீதம் தவிர வேறெதையும் நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்கு நண்பர்களோடு வருடம் தவறாமல் போவேன். முட்டிவலி, கூட்டம், இப்போது பாடுகிறவர்கள் சாகித்யத்தை மென்று விழுங்குவது, ஒலிபெருக்கி அலறல் எல்லாம் சேர்ந்து கொஞ்ச காலமாகப் போகவில்லை. கூட வந்த நண்பர்களில் பலர் இன்று இல்லை. இன்ஜினியரிங் படிக்கும் பேரன் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறான். எங்கள் கோயில் திருவிழாவில் அவன் குழுவின் கச்சேரி வைத்தார்கள். நான் போகவில்லை. "அந்தப் பெட்டியில் கமகம் வருமா?" என்று மட்டும்தான் கேட்டேன், சுரத்தை அசைத்துக் குழைப்பதைத்தான் சொன்னேன். அன்றிலிருந்து மகன் என்னோடு பேசுவதில்லை. என் வீட்டில் சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுத்ததே இல்லை. என் மனைவி அடுப்படியில் பழைய சுசீலா பாட்டு எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருந்தால்கூட, என் செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுவாள், அவ்வளவு மரியாதை. கச்சேரிக்கு அவள் மட்டும் போய்வந்தாள். வயதான காலத்தில் என் ரசனையை நான் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

— பெயர் வேண்டாம், மயிலாடுதுறை

பதில்:

ஐயா, பேரன், மகன், கீபோர்டு எல்லாம் அப்புறம். செருப்புச் சத்தம் கேட்டால் மனைவி பாட்டை நிறுத்திவிடுவார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்திருக்கிறீர்கள். முதலில் அதைப் பேசுவோம்.

கல்யாணமாகி எத்தனை வருடம் என்று நீங்கள் சொல்லவில்லை. பேரன் கல்லூரிக்குப் போகிறான் என்றால் நாற்பதைத் தாண்டியிருக்கும். அத்தனை வருடமும் ஒரு பெண் தன் வீட்டு அடுப்படியில், மாவு கரைக்கும்போதும் கீரை ஆயும்போதும், ஒரு காதை வாசலில் வைத்துக்கொண்டு பாடியிருக்கிறார். வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டதும் வாய் மூடிக்கொள்கிறது. கச்சேரியில் ஆலாபனை நடக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் பேசினால் முறைத்திருப்பீர்கள் இல்லையா? உங்கள் வீட்டில் தினமும் ஒரு பாட்டு பாதியில் அறுந்துபோனது, அறுத்தது நீங்கள்.

எந்தப் பாட்டு அது? பல்லவியில் நிறுத்துவாரா, சரணத்திலா? அவருடைய சுருதி என்ன, நாலரைக் கட்டையா ஐந்தா? மேல் பஞ்சமம் எட்டுமா? ரேடியோவில் இரண்டு பிடி கேட்டாலே ராகம் சொல்லிவிடுகிற உங்களுக்கு, கூடவே வாழ்கிற மனுஷியின் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஒரு பாட்டு முழுக்கக் கேட்டிருந்தால்தானே தெரியும்!

"நான் ஒரு நாளும் திட்டியதில்லையே" என்பீர்கள். இப்படிக் கடிதங்கள் எனக்குத் தஞ்சாவூரிலிருந்து, கும்பகோணத்திலிருந்து, திருவாரூரிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பேரனோ மருமகளோ பக்கத்து வீட்டுக்காரரோ குற்றவாளி, நடுவில் எங்கேயோ ஒரு மூலையில் மனைவி. எழுதுகிற யாரும் திட்டியவர்கள் இல்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை முகம் சுளித்திருப்பார்கள், வந்த விருந்தாளி முன்னால் "இவளுக்கு இதெல்லாம் புரியாது" என்று சிரித்திருப்பார்கள். அந்தக் காலத்துப் பெண்ணுக்கு அது போதும், ஆயுசுக்கும் மறக்காது. வீட்டுக்குப் பெரியவர் உள்ளே நுழைந்தால் வீட்டில் கலகலப்பு கூட வேண்டும் என்று நம்புகிறவள் நான். நீங்கள் நுழைந்தால் வீடு அடங்குகிறது. அதை மரியாதை என்று எண்ணிக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டீர்கள்.

திருவையாற்றைப் பற்றி எழுதியிருப்பதால் கேட்கிறேன். தியாகராஜர் சமாதியில் இன்று இருக்கும் கோயிலை எழுப்பியது யார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொந்தக் காசில், நகைகளை விற்றுக் கட்டியது. கட்டியவர் அவர், ஆனால் அந்த இடத்தில் பாடப் பெண்களுக்கு அனுமதி இல்லை என்றார்கள் அங்கே ஆராதனை நடத்திக்கொண்டிருந்த ஆண்கள். அந்த அம்மாள் வாய் மூடிக்கொள்ளவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு சமாதிக்குப் பின்பக்கம் தனியாகக் கச்சேரி நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் தனித்தனியாக ஆராதனை நடத்திய குழுக்கள் எல்லாம் ஒன்று சேர்ந்த பிறகுதான் ஆணும் பெண்ணும் ஒரே பந்தலில் உட்கார்ந்து தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகளைப் பாடுகிற இன்றைய ஆராதனை வந்தது. வருடா வருடம் அந்தப் பந்தலில் போய் உட்கார்ந்து தாளம் போட்டவர் நீங்கள். அங்கே பாட இடம் கேட்டுப் பெண்கள் எவ்வளவு போராடினார்கள் என்று தெரிந்தும், வீட்டில் ஒருத்தி பாட உங்களால் இடம் விட முடியவில்லை.

இன்னொன்று. கூட வந்த நண்பர்கள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், ஒரு தைமாதமாவது மனைவியைத் திருவையாற்றுக்கு அழைத்துப் போனதாக ஒரு வரி இல்லை. கும்பகோணம் வழியாகப் பஸ் ஏறினால் காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பிவிடலாமே ஐயா. பாட்டில் ஆசை உள்ள ஒருத்தியை வீட்டில் வைத்துக்கொண்டு, துணைக்கு ஆள் இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள்.

திருவிழாவுக்கு அவர் "மட்டும் போய்வந்தாள்" என்கிறீர்கள். கோயில் திருவிழா மெல்லிசை ராத்திரி ஒன்பது, பத்துக்குத்தான் ஆரம்பிக்கும், முடிய நடுராத்திரி தாண்டும். அறுபதை ஒட்டிய பெண்மணி யாரோடு போனார், யாரோடு வந்தார்? மணலில் உட்கார்ந்தாரா, நாற்காலி கிடைத்ததா? வந்ததும் "எப்படி இருந்தது" என்று கேட்டீர்களா? பேரன் எந்தப் பாட்டுக்கு வாசித்தான் என்று சொல்ல அவருக்கு வாய் நிறைய இருந்திருக்கும். ஒருவேளை விருப்பப் பாட்டுக்குச் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பிக்கூட இருப்பார். நீங்கள் கேட்காததால் அதையும் சுசீலா பாட்டோடு சேர்த்து விழுங்கியிருப்பார்.

சரி, ரசனைக்கு வருவோம். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லி நான் யார்? தோடியும் காம்போதியும் உங்களோடு இருக்கட்டும், கடைசி வரைக்கும் கேளுங்கள். ஆனால் சினிமா வேறு சங்கீதம் வேறு என்று நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டு அதற்குக் காவிரிக் கரையைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். இந்த மண் அப்படி இருந்ததே இல்லை. உங்கள் ஊர்க்காரர் எம்.கே.தியாகராஜ பாகவதர், பெயரின் முதல் எழுத்தே உங்கள் ஊரின் பழைய பெயரான மாயவரம்தான், அவரைவிடப் பெரிய சினிமாக்காரர் அந்தக் காலத்தில் யார்? போலகத்தில் 1890-இல் பிறந்த பாபநாசம் சிவனின் கீர்த்தனைகளுக்குச் சபாவில் கண் மூடித் தலையாட்டுவீர்கள், அதே மனிதர்தான் பாகவதருக்கும் பாட்டு எழுதினார். உங்கள் பக்கத்து கூடலூரில் பிறந்த பாடகர் ஜி.என்.பாலசுப்ரமணியம் சினிமாவில் கதாநாயகனாகவே நடித்தார். எம்.எஸ்.சுப்புலட்சுமி நடித்தார், தண்டபாணி தேசிகர் நடித்தார். பக்கத்தில் சீர்காழி, அங்கே 1933-இல் பிறந்த கோவிந்தராஜன் சபாவிலும் பாடினார், சினிமாவிலும் பாடினார், கோயில் வாசலிலும் பாடினார். அவர் குரலில் எந்த இடத்தில் உங்கள் சங்கீதம் முடிந்து உங்கள் மனைவியின் சங்கீதம் ஆரம்பிக்கிறது என்று உங்களால் காட்ட முடியுமா?

நாகஸ்வரத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாக்காரனுக்குச் சங்கீதம் வந்ததே அந்த வழியாகத்தான். டிக்கெட் எடுத்துத்தான் அதைக் கேட்க வேண்டும் என்று இருந்ததில்லை. சுவாமி புறப்பாட்டில் மல்லாரி கேட்டுத் தெருவுக்கு ஓடி வந்தவர்களில் நாற்று நட்டுவிட்டு வந்த பெண்கள் இருந்தார்கள், வண்டிக்காரர்கள் இருந்தார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடியை மணிக்கணக்கில் விரித்தபோது விடிய விடிய நின்ற கூட்டத்தில் ராகத்தின் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர் அவர்களுக்கும்தான் வாசித்தார். நாகஸ்வரக்காரர் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள் என்பதும், மற்ற வித்வான்களைப் போல மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார் என்பதும் உங்களுக்குத் தெரியும். இது உசத்தி, இது மட்டம் என்று சொன்னவர்களோடு மல்லுக்கட்டித்தான் இந்த ஊர் வித்வான்கள் வாழ்ந்திருக்கிறார்கள், அவர்களுடைய ரசிகர் நீங்கள்.

"அந்தப் பெட்டியில் கமகம் வருமா?" முழுசாக வராது. கட்டைக்குக் கட்டை சுரம் பிரிந்து கிடக்கிற வாத்தியம். இடது ஓரத்தில் இருக்கிற சக்கரத்தை உருட்டிக் கொஞ்சம் இழுக்கலாம், குழைக்கலாம், உங்கள் காதுக்கு அது பற்றாது. அதில் நீங்கள் சொல்வது சரி. வயலினும் கடல் கடந்து வந்த பெட்டிதான், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி மாதிரி ஆட்கள் அதைக் கையில் எடுத்துப் பழக்கியதால் இன்று வயலின் இல்லாமல் கச்சேரி இல்லை என்றும் சொல்லலாம். ஆனால் ஐயா, நீங்கள் பேரனிடம் கமகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளவா கேட்டீர்கள்? ஊருக்கு முன்னால் முதல்முறை மேடை ஏறப் போகிற பிள்ளையைக் கிளம்பும் நேரத்தில் குத்தினீர்கள். உங்கள் மகனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அவனும் உங்கள் செருப்புச் சத்தம் கேட்டு வளர்ந்தவன்தானே.

காதைப் பற்றியும் ஒன்று, இதைக் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். இப்போது பாடுகிறவர்கள் சாகித்யத்தை மென்று விழுங்குகிறார்கள், ஒலிபெருக்கி அலறுகிறது என்று இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள். வயது ஏற ஏறக் காதை விட்டு முதலில் போவது உச்ச ஒலிகள்தான். ச, த, ட, க மாதிரியான மெய்யொலிகள் மங்கிவிடும், உயிரொலி மட்டும் நீளமாகக் கேட்கும், பாடுகிறவர் வார்த்தையை விழுங்குவதாகத் தோன்றும். அதே காதுக்குக் கொஞ்சம் சத்தம் ஏறினாலும் தாங்காது. மெல்லமாய்ச் சொன்னால் கேட்காது, பலமாய்ச் சொன்னால் எரிச்சல் வரும். எல்லாப் பழியும் பாடகர்கள் மேல் இருக்க வேண்டியதில்லை. காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போய்க் கேட்கும் திறனைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கருவி வைக்கச் சொன்னால் வெட்கப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இவ்வளவு பிடித்த சங்கீதத்தைப் பாதிக் காதோடு கேட்டுக்கொண்டு பாடுகிறவர்களைத் திட்டுவது நியாயமில்லை.

இனி செய்ய வேண்டியது. மனைவியிடம் போய் "இனிமேல் நீ பாடலாம்" என்று சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. அதுவும் ஒரு உத்தரவுதான். நாற்பது வருடப் பழக்கம் நீங்கள் கையெழுத்துப் போட்டதும் மாறாது. "பாடு பார்ப்போம்" என்று எதிரே உட்கார்ந்தால் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். வீட்டுக் கூடத்தில் ரேடியோ இருக்கும் இல்லையா, அதில் பழைய பாட்டு போடுகிற நேரத்தில் வையுங்கள், நீங்களும் அங்கேயே உட்காருங்கள். எழுந்து போகாதீர்கள், பேப்பரை விரிக்காதீர்கள், "இது சுத்த சாவேரி, ஆனால்..." என்று ஆரம்பிக்காதீர்கள். ராகத்தின் பெயர் வாய் வரை வந்தாலும் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டுக்கு அவர் கை வேலையை நிறுத்துகிறது என்று பாருங்கள். பாடுவாரா மாட்டாரா என்பது அவர் இஷ்டம். பாடாமலே போனாலும் ஏன் என்று நீங்கள் கேட்கக் கூடாது.

அடுத்து, பேரன் குழுவுக்கு எங்கே கச்சேரி என்று விசாரித்து இரண்டு பேரும் போங்கள். முட்டிவலி என்றால் மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள், அவருக்கும் ஒன்று. ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நேர் எதிரே உட்காராதீர்கள், பக்கவாட்டில் தள்ளி, கொஞ்சம் பின்னால். பிள்ளையார் பாட்டில் ஆரம்பித்து முடிகிற வரைக்கும் இருங்கள். பாதியில் எழுந்தால் அவரும் உங்கள் பின்னால் எழுந்து வந்துவிடுவார், அந்தப் பாவம் வேண்டாம். அங்கே உட்கார்ந்திருக்கும்போது பேரனின் கையைக் கவனியுங்கள். ரெக்கார்டில் வரிசையாக வயலின்காரர்கள் உட்கார்ந்து வாசித்த இடம், புல்லாங்குழல் வந்த இடம், வீணை வந்த இடம் எல்லாவற்றையும் அவன் இரண்டு கையால் நிரப்ப வேண்டும். பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருந்தால் "அரைக் கட்டை இறக்கு" என்று மேடையிலேயே காதில் சொல்வார்கள், அடுத்த நொடி இவன் இறக்க வேண்டும். அவனிடம் கேட்க விஷயம் வேண்டும் என்றால் இதைக் கேளுங்கள், எப்படி இறக்குகிறாய், எந்தப் பாட்டு கஷ்டம், யார் சொல்லிக் கொடுத்தது என்று. பதில் சொல்லி முடிகிற வரை குறுக்கே பேசாதீர்கள்.

மகனுக்கு நீங்களே போன் செய்யுங்கள், அவன் செய்யட்டும் என்று காத்திருக்காதீர்கள். தகப்பன் முதலில் பேசுவதில் ஒரு குறைச்சலும் இல்லை. விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம், கமகம் என்ற வார்த்தையே வேண்டாம். அன்றைக்கு நான் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அடுத்த கச்சேரி எந்த ஊரில், அம்மாவும் நானும் வருகிறோம் என்று சொல்லுங்கள். அவன் உடனே நம்ப மாட்டான். நீங்கள் போய் உட்கார்ந்த பிறகு நம்புவான்.