பூசணம் பிடித்த கடலையைச் செக்கில் ஆட்டலாமா?

கேள்வி: கே.ஆர்.புரத்தில் குடியிருக்கிறோம். ஊத்தங்கரை பக்கம் எங்கள் நிலத்தில் விளைந்த வேர்க்கடலை நாலு மூட்டையை மாடிப்படிக்கு அடியில் அடுக்கியிருந்தோம். மழை முடிந்து பிரித்தால் ஒரு மூட்டையில் பச்சைப் பூசணம். வெயிலில் போட்டுச் செக்கில் ஆட்டிவிடலாம் என்கிறார் ஊர்த் தரகர். பூச்சிமருந்துக் கடைக்காரர் மூட்டைக்குள் வைக்க மாத்திரை தருகிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டும் வேண்டாம்.

வெயிலில் பூசணம் காயும். அது கடலையில் இறக்கிவிட்ட அஃப்ளாடாக்சின் நஞ்சு அப்படியே இருக்கும். வேகவைத்தாலும் போகாது, வறுத்தால் ஓரளவு குறையும், அவ்வளவுதான். மெதுவாகக் கல்லீரலைக் கெடுப்பதால் யாருக்கும் பயம் வருவதில்லை. ஒரேயடியாக அதிகம் போனால் ஆளையே கொல்லும். 1974இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்று நூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. வண்டு சாகும், நஞ்சு போகாது. அதிலிருந்து கிளம்பும் வாயு வீட்டில் தூங்குகிறவர்களையும் கொல்லும். பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்கள் கையில் மட்டும் இருக்க வேண்டியது, கடையில் கடலைமிட்டாய் மாதிரி கிடைக்கிறது. யார் கேட்கிறார்கள்?

செக்கில் ஆட்டினால் எண்ணெயிலும் நஞ்சு இறங்கும், புண்ணாக்கில் இன்னும் அதிகமாகத் தங்கும். மாடு தின்றால் பாலில் வரும். 'ரீஃபைண்டு எண்ணெயில் நஞ்சு இருக்காதாமே' என்பீர்கள். உண்மைதான். பெரிய ஆலையில் காரப்பொருள் (அல்கலி) சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அநேகமாக நீங்கிவிடும். ஆனால் அது ஆலை, உங்கள் ஊர்ச் செக்கு அல்ல. துணியில் வடிகட்டுவது சுத்திகரிப்பு ஆகாது. 'டபுள் ஃபில்டர்' என்று போர்டு மாட்டினாலும் ஆகாது. எண்ணெய் தெளிவாக இருக்கிறதே என்றும் சொல்லாதீர்கள், நஞ்சு கண்ணுக்குத் தெரியாது.

தரகர் அடுத்து, 'பாதி விலைக்கு நானே எடுத்துக்கிறேன்' என்பார். கொடுக்காதீர்கள். நல்ல கடலையோடு கலந்து மசாலாக் கடலையாகவோ சிக்கியாகவோ உங்கள் தெருவுக்கே வரும். இன்னொரு வேலையும் நடக்கிறது. தோல் உடைக்கும்போது பருப்பு நொறுங்கக் கூடாதென்று காய்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். எடையும் கூடும், பூசணத்துக்கும் வழி திறக்கும். மெஷினில் உடைக்கக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

சட்டப்படி, பதப்படுத்தப் போகும் கடலையில் இந்த நஞ்சுக்குக் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்தான் வரம்பு. ஐரோப்பாவுக்குப் போகும் கடலையை லாட் லாட்டாகச் சோதிக்கிறோம். நமக்கு வருவதை மண்டியில் ஒரு பருப்பைக் கடித்துப் பார்த்தால் முடிந்தது. நீங்களே லேபுக்குக் கொடுத்தாலும் ஒரு கைப்பிடி போதாது. நஞ்சு சில பருப்புகளில்தான் குவிந்திருக்கும், அவை அந்தக் கைப்பிடியில் சிக்காமல் போகும்.

மற்ற மூன்று மூட்டையையும் தார்ப்பாயில் கொட்டுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். மிச்சத்தைக் காயவையுங்கள். காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பிறகு மரப்பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

பூசண மூட்டையை மூக்கில் துணி கட்டிக்கொண்டு எடுத்துக் குழியில் புதையுங்கள். கோழிக்கும் போட வேண்டாம். சாக்கையும் சேர்த்தே புதையுங்கள், காலிச் சாக்கு கேட்டுத் தரகர் வந்து நின்றாலும் சரி.