எருசலேம் வரிப்பதிவேடு: வெறுமனே ஐந்தால் பெருக்கலாமா?

1525-26 உஸ்மானிய (ஒட்டோமான் துருக்கிய) ஆட்சிப் பதிவேட்டின் 934 குடும்பங்களை ஐந்தால் பெருக்கி 4,670 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். 1553-54க்குள் அது எப்படி ஏறத்தாழ மூன்று மடங்கானது என்பதும் உங்கள் கேள்வி.

பதிவேடு வரிக்காக எழுதப்பட்டது. எண்ணப்பட்டவர் குடும்பத் தலைவர்தான். மணமாகாத ஆண்கள் தனியே வருவார்கள். அவர்களைப் பெருக்காமல் அப்படியே கூட்டுங்கள். இமாம் போன்ற வரிவிலக்குக்காரர்களும் கோட்டைப் படையினரும் பல நேரம் விடுபட்டிருப்பார்கள். ஐந்து என்பதே ஊகம். நாலு முதல் ஆறு வரை வைத்து, 3,736 முதல் 5,604 என்று வீச்சாகக் கொடுங்கள்.

வளர்ச்சி உண்மைதான். 1537-41இல் மதில் எழுந்தது, 1552இல் சுல்தான் சுலைமானின் மனைவி நிறுவிய ஹசெக்கி சுல்தான் அன்னசத்திரம் வந்தது. ஆனால் 1516இல் உஸ்மானியர் நகரைக் கைப்பற்றிய பின் வந்த முதல் பதிவில் விடுபட்டவர்கள் பிந்தைய பதிவுகளில் சேர்ந்திருக்கலாம்; மூன்று மடங்கையும் அப்படியே நம்பவேண்டாம்.